புரியும்படி எழுதிய முன்சீப்

தீர்ப்பு வாசிக்கப்பட்ட பிறகு நீதிமன்ற வாசலில் நின்று, தான் வென்றோமா தோற்றோமா என்று தன் வழக்கறிஞரிடமே கேட்டுத் தெரிந்துகொள்ளும் மனிதரை நம்மில் பலர் பார்த்திருப்போம். நிலம் அவருடையது. வழக்கு அவருடையது. பத்தாண்டுகள் வாய்தாவுக்கு அலைந்த கால்களும் அவருடையவை. ஆனால், அவருடைய தலைவிதியை எழுதிய அந்த நான்கு பக்கங்களின் மொழி மட்டும் அவருடையது அன்று. இந்த அவலத்தைப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவிலேயே கண்டு, அதைக் குறைக்கத் தன்னால் இயன்றதைச் செய்த ஒரு நீதிபதி தமிழ்நாட்டில் இருந்தார். முதல் தமிழ் நாவலை எழுதியவர் என்று பள்ளிப் பாடநூல்கள் வழியாக நாம் அறிந்திருக்கும் மாயூரம் வேதநாயகம் பிள்ளைதான் அவர்.

நாவலாசிரியர் என்ற புகழ் அவருடைய இன்னொரு பணியை மறைத்துவிட்டது. அந்தப் பணியை நினைவுகூரும் தேவை இன்றைக்கும் இருக்கிறது.

1826-ஆம் ஆண்டு அக்டோபர் 11-ஆம் நாள், திருச்சிராப்பள்ளியை அடுத்த குளத்தூரில் சவரிமுத்துப் பிள்ளைக்கும் ஆரோக்கிய மரியம்மாளுக்கும் மகனாகப் பிறந்தார் வேதநாயகம். கத்தோலிக்கக் குடும்பம். திருச்சிராப்பள்ளி நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராக இருந்த தியாகப் பிள்ளையிடம் தமிழும் ஆங்கிலமும் கற்றார். இளமையிலேயே கவி பாடும் ஆற்றல் வாய்த்தது. 1848-இல் அதே ஊர் நீதிமன்றத்தில் ஆவணக் காப்பாளராகச் சேர்ந்தார். 1850-இல் ஆசிரியரைப் போலவே மொழிபெயர்ப்பாளராகவும் ஆனார்.

கம்பெனி ஆட்சியின் நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளரின் இடம் விசித்திரமானது. அவர் நீதிபதியும் அல்லர், வக்கீலும் அல்லர். ஆனால், அவர் இல்லாவிட்டால் நீதிபதிக்கும் குடியானவனுக்கும் இடையே பேச்சே இல்லை. சாட்சியின் தமிழ் ஆங்கிலமாகி மேலே செல்வதையும், மேலிருந்து வரும் ஆணையின் ஆங்கிலம் தமிழாகிக் கீழே இறங்குவதையும் நாள்தோறும் கையால் செய்தவர் வேதநாயகம் பிள்ளை. இந்தப் போக்குவரத்தில் எத்தனை பொருள் சிந்திப்போகும் என்பதைப் புத்தகம் படித்து அறிய வேண்டிய தேவை அவருக்கு இருந்திருக்காது.

அக்காலத்து நீதிமன்றங்களின் மொழிநிலையைச் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும். 1802-ஆம் ஆண்டின் ஒழுங்குமுறைச் சட்டங்கள் வழியாகச் சென்னை மாகாணத்தில் கம்பெனி தன் நீதிமன்ற அமைப்பை விரித்தது. அடியில் முன்சீப் நீதிமன்றங்கள், அவற்றுக்கு மேல் ஜில்லா நீதிமன்றங்கள், உச்சியில் சென்னையின் சதர் அதாலத் என்று அந்த அமைப்பு உருப்பெற்றது. முகலாயர் காலத்திலிருந்து வந்த பாரசீக, அரபுச் சொற்கள் அங்கே நிறைந்திருந்தன. வக்கீல், தாவா, ஜப்தி, வாய்தா, அமீனா என்ற சொற்கள் அந்த வழியில் வந்தவையே. வங்காள மாகாணத்தில் 1837 வரை பாரசீகமே நீதிமன்ற மொழியாக இருந்தது. அதன் மேல் ஆங்கிலேயச் சட்டத்தின் சொற்கள் வந்து படிந்தன. அந்த ஆங்கிலேயச் சட்டமாவது ஆங்கிலேயர்க்குப் புரிந்ததா என்றால், அதுவும் இல்லை. இங்கிலாந்தின் நீதிமன்ற ஆவணங்கள் நூற்றாண்டுக் கணக்கில் லத்தீனில் எழுதப்பட்டன. அவற்றை ஆங்கிலத்திலேயே எழுத வேண்டும் என்ற சட்டம் அங்கே 1733-இல்தான் நடைமுறைக்கு வந்தது. தம் மக்களுக்குத் தம் மொழியில் நீதி வழங்கத் தொடங்கி முக்கால் நூற்றாண்டுகூட ஆகாத நிலையில், அவர்கள் தம் மொழியைக் கடல் கடந்து கொண்டுவந்து மற்றவர் தலையில் வைத்தார்கள்.

1850-களின் பிற்பகுதியில் வேதநாயகம் பிள்ளை ஜில்லா முன்சீப் ஆனார். தரங்கம்பாடி, சீர்காழி, மாயூரம் என்று காவிரிக் கடைமடைப் பகுதியிலேயே அவருடைய நீதிப் பணி நடந்தது. முன்சீப் நீதிமன்றத்துக்கு வருபவை பெரும்பாலும் சிறிய வழக்குகள். வரப்புத் தகராறு, வாய்க்கால் முறை, அடமானம், கைமாற்றுக் கடன், பாகப்பிரிவினை போன்றவை. மேலிருந்து பார்க்கையில் அவை அற்பம். வழக்காடுபவனுக்கோ அந்த அரைக்காணி நிலம்தான் வாழ்க்கை.

இந்தச் சிறிய வழக்குகளைத் தீர்க்க முன்சீபும் வக்கீலும் எதைத் துணையாகக் கொள்ள வேண்டும்? சதர் அதாலத் முன்பு அளித்த தீர்ப்புகளை. அத்தகைய வழக்கில் உயர்ந்த நீதிமன்றம் என்ன சொல்லியிருக்கிறது என்று தெரிந்தால் பல வழக்குகளைத் தொடுக்கவே வேண்டியிருக்காது. ஆனால், அந்தத் தீர்ப்புகள் ஆங்கிலத் தொகுதிகளில் கிடந்தன. சட்டத்தை அறியாமை மன்னிப்புக்கு உரியது அன்று என்பது எல்லா நாட்டு நீதிமன்றங்களும் கொண்ட கொள்கை. அறிய முடியாத மொழியில் சட்டத்தை வைத்துவிட்டு, அறியாமையைக் குற்றம் என்பது எப்படி நீதியாகும்?

இந்தக் கேள்விக்கு வேதநாயகம் பிள்ளை கட்டுரை எழுதி விடை தேடவில்லை. வேலையைக் கையில் எடுத்துக்கொண்டார். 1805 முதல் 1861 வரை சதர் அதாலத் வழங்கிய தீர்ப்புகளின் சாரத்தைத் தமிழாக்கி, 1862-இல் சித்தாந்த சங்கிரகம் என்ற நூலாக வெளியிட்டார். ஐம்பத்தாறு ஆண்டுகளின் தீர்ப்புகள்! சதர் அதாலத்தும் உச்ச நீதிமன்றமும் இணைந்து சென்னை உயர்நீதிமன்றம் உருவானதும் அதே 1862-இல்தான். பழைய நீதிமன்றம் மறைகிற வேளையில், அது சேர்த்துவைத்த சட்ட அறிவு தமிழ் படிக்கத் தெரிந்தவரின் கைக்கு வந்து சேர்ந்தது. அரசாங்கம் செய்ய வேண்டிய பணியை ஒரு கீழ்நிலை நீதிபதி தன் வழக்குகளுக்கு நடுவே செய்தார். தமிழில் தீர்ப்பு வழங்கிய நீதிபதி என்றும் அவர் இன்றளவும் நினைவுகூரப்படுகிறார்.

இதில் கவனிக்க வேண்டியது, அவர் எளிமையின் பக்கம் சாய்ந்தது இயலாமையால் அன்று என்பது. அவருடைய நெருங்கிய நண்பர் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை. தலபுராணங்களும் பிள்ளைத்தமிழ்களும் அந்தாதிகளும் மடை திறந்தாற்போல் பாடியவர் அவர். யமகமும் திரிபும் அவர் நாவில் விளையாடின. வேதநாயகம் பிள்ளையைப் பாட்டுடைத் தலைவராக வைத்து அவர் குளத்துக்கோவை என்ற நூலையே இயற்றினார். திருவாவடுதுறை ஆதீனத்தின் சுப்பிரமணிய தேசிகரும் வேதநாயகம் பிள்ளையின் நண்பர். கத்தோலிக்கரான முன்சீபும் சைவ மடத்தின் தலைவரும் கவிதையால் உறவாடிய காலம் அது. புலமையின் உச்சியில் இருந்தவர்களோடு ஒரே பந்தியில் அமர்ந்தவர் வேதநாயகம் பிள்ளை. 1859-இல் அவர் வெளியிட்ட நீதிநூல் செய்யுளில் அமைந்தது. கடினமாக எழுத அவருக்குத் தெரியும். பொதுமக்களுக்கென்று எழுதும்போது அதை வேண்டாம் என்று விட்டார். முடியாதவன் எளிமையாக எழுதுவதற்கும், முடிந்தவன் எளிமையைத் தேர்ந்துகொள்வதற்கும் வேறுபாடு உண்டு.

1872-இல் அவர் நீதிப் பணியிலிருந்து ஓய்வு பெற்றார். மாயூரத்திலேயே தங்கி, அந்நகர்மன்றத்தின் தலைவராகவும் பணியாற்றினார். 1876 முதல் 1878 வரை தென்னிந்தியாவைச் சூறையாடிய தாது வருஷப் பஞ்சம் வந்தது. நிவாரண முகாமில் உழைக்கும் ஓர் ஆணுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் ஓர் அணாவும் போதும் என்று அரசு அளவு குறைத்தது. சிக்கனம், சோதனை, நிவாரண ஊதியம் என்ற ஆட்சிச் சொற்களுக்குள் பசி என்ற சொல் காணாமல் போன காலம். மாயூரத்தில் வேதநாயகம் பிள்ளை தன் பொருளைச் செலவிட்டுக் கஞ்சித்தொட்டி அமைத்தார். அந்த ஈகையைக் கண்டு நெகிழ்ந்த கோபாலகிருஷ்ண பாரதியார் அவர்மீது ஒரு கீர்த்தனையே பாடினார். சர்வ சமய சமரசக் கீர்த்தனை என்ற வேதநாயகம் பிள்ளையின் இசைப்பாடல் நூல் வெளிவந்ததும் அந்த 1878-இல்தான்.

அடுத்த ஆண்டு, 1879-இல், பிரதாப முதலியார் சரித்திரம் வெளியாயிற்று. தமிழில் உரைநடை நூல்கள் இல்லாத குறையைப் போக்குவதே தன் நோக்கம் என்று முன்னுரையில் அவர் தெளிவாகக் கூறியிருக்கிறார். இன்று அது நமக்குச் சாதாரணமாகத் தோன்றலாம். மருத்துவமும் கணிதமும் சோதிடமும்கூடச் செய்யுளில் எழுதப்பட்ட ஒரு மரபில், கற்றோர் பலர் உரைநடையைச் செய்யுளுக்கு விளக்கம் தரும் வேலையாளாகவே கருதிய காலத்தில், உரைநடையைத் தனித்து நடக்கவிட்டது சிறிய செயல் அன்று. செய்யுளை மனனம் செய்யலாம். வாதத்தைச் சொல்லவும், மறுப்பைக் கேட்கவும், கணக்கைக் காட்டவும், உரிமையைக் கோரவும் ஒரு சமூகத்துக்கு உரைநடை வேண்டும்.

அந்த நாவலில், கதையின் போக்கைச் சற்றே நிறுத்தி, நீதிமன்ற மொழியைப் பற்றி அவர் விரிவாகப் பேசும் பகுதி ஒன்று உண்டு. தமிழ் நாட்டு நீதிமன்றம், நீதிபதி தமிழர், வக்கீல்கள் தமிழர், வழக்காடுபவரும் தமிழர். ஆயினும் வாதம் மட்டும் ஆங்கிலத்தில் நடக்கிறது. யாருக்காக என்பதே அவருடைய கேள்வி. வழக்கறிஞரின் படிப்பைப் பறைசாற்ற அது உதவலாம். பணம் கொடுத்து அவரை அமர்த்தியவன் தனக்காக என்ன பேசப்பட்டது என்று அறியாமல் விழித்துக்கொண்டு நிற்கிறான் என்று எள்ளலும் கோபமும் கலந்து எழுதுகிறார். வெளியிலிருந்து ஒரு எழுத்தாளர் வீசிய கல் அன்று இது. ஆசனத்தில் அமர்ந்து, அந்த விழிக்கும் முகங்களை ஆண்டுக்கணக்கில் நேருக்கு நேர் பார்த்த ஒரு நீதிபதியின் வாக்குமூலம்.

பொருளியல் கற்பித்தவன் என்ற முறையில் இந்தப் பகுதியை நான் சற்று வேறு விதமாகவும் வாசிப்பதுண்டு. ஒரு பரிமாற்றத்தில் இரு தரப்பில் ஒருவருக்கு மட்டுமே விவரம் தெரிந்திருந்தால், தெரியாதவர் எப்போதும் கூடுதல் விலை தருகிறார். புரியாத மொழி அத்தகைய ஒரு வரி. அது அரசின் கருவூலத்துக்குச் செல்வதில்லை. இடையில் நின்று பொருள் சொல்பவரின் பைக்குச் செல்கிறது. மனு எழுதித் தருபவர், தரகர், முகவர் என்று ஒரு வரிசையே அதில் வாழ்கிறது. ஏழையும் எழுத்தறிவு குறைந்தவரும்தான் இந்த வரியை அதிகம் கட்டுகிறார்கள். எனவே, கடின நடை என்பது வெறும் ரசனைக் குறைபாடு அன்று. அதற்கு ஒரு விலை உண்டு. அந்த விலையை எழுதியவர் செலுத்துவதில்லை.

இவ்வளவு சொன்னாலும், வேதநாயகம் பிள்ளையின் நடையை இன்று எடுத்துப் படிக்கும் இளைஞருக்கு அது உடனே எளிமையாகத் தோன்றாது. வடசொற்கள் மிகுதி, பாரசீகச் சொற்களும் ஆங்கிலச் சொற்களும் தாராளம். சித்தாந்த சங்கிரகம் என்ற தலைப்பையே இன்று ஒருவருக்கு விளக்க வேண்டியிருக்கும். ஆனால், அக்காலத்தில் படித்தவர்களின் பேச்சிலும் கச்சேரிகளிலும் அவை புழங்கிய சொற்கள். அவர் தூய்மையைத் தேடவில்லை. தன் முன் நிற்பவருக்கு எந்தச் சொல் தெரியுமோ அதைத் தேடினார். ஜப்தி என்றால் என்னவென்று கடன்பட்ட குடியானவனுக்கு நன்றாகத் தெரியும். அந்தச் சொல்லைப் பிடுங்கிவிட்டு அவன் கேட்டறியாத வேறொரு சொல்லை வைப்பது அவனுக்கு உதவியாகாது. துறைச்சொற்கள் யாவும் தீமை என்றும் அவர் கருதவில்லை. துறை வல்லுநர் தமக்குள் பேச ஒரு சொல் ஒரு பக்கத்தை மிச்சப்படுத்தும் என்றால் அச்சொல் தேவையானதே. அதே சொல் பொதுமகனின் கையில் விளக்கமின்றி வந்து விழும்போதுதான் தொல்லை தொடங்குகிறது.

ஒரு தலைமுறைக்குத் தெளிவாக இருந்தது அடுத்த தலைமுறைக்கு மங்கிப்போகும் என்பதும் இதிலிருந்து விளங்குகிறது. நம் கிரயப் பத்திரங்களைப் பாருங்கள். புத்திர பௌத்திர பாரம்பரியம், தானாதி விநியோக விக்கிரயங்கள், சர்வ சுதந்திர பாத்தியம் என்று அவை இன்னும் முழங்குகின்றன. ஒரு காலத்தில் ஒவ்வொரு சொல்லும் ஓர் உரிமையைத் துல்லியமாகக் குறித்தது. இன்று வீடு வாங்குபவரும் விற்பவரும் பொருள் அறியாமலே கையெழுத்திடுகிறார்கள். அரசு அலுவலகக் கடிதம் ஒன்றைப் பிரித்தால், பார்வையில் காணும் கடிதத்தின்படி, மேற்படி நபரின் மேற்படி மனுவின் மீது என்று தொடங்கி, மனு ஏற்கப்பட்டதா நிராகரிக்கப்பட்டதா என்பது கடைசி வரியில் ஒளிந்திருக்கும். வங்கிக் கடன் ஒப்பந்தத்தில் வட்டி எப்போது, எதைப் பொறுத்து உயரும் என்பதைக் கண்டுபிடிக்கத் தனிப் பயிற்சி வேண்டும். தமிழில் இருந்தும் புரியாத தமிழ் இது.

1889-ஆம் ஆண்டு ஜூலை 21-ஆம் நாள், தமது 62-ஆவது வயதில் வேதநாயகம் பிள்ளை மறைந்தார். அதற்கு முன், பெண்களின் கல்விக்காக வாதிடும் பெண்மதி மாலையையும், 1887-இல் சுகுண சுந்தரி என்ற இரண்டாவது நாவலையும் தந்திருந்தார். அவர் இறந்து 137 ஆண்டுகள் ஆகப்போகின்றன என்றோ ஆகிவிட்டன என்றோ கணக்கிடுவதைவிட, அவர் எழுப்பிய கேள்வி எங்கே நிற்கிறது என்று பார்ப்பதே பொருத்தம்.

ஒரு பகுதி நிறைவேறியிருக்கிறது. தமிழக அரசு 1956-இல் ஆட்சிமொழிச் சட்டம் இயற்றியது. அதன் தொடர்ச்சியாகக் கீழமை நீதிமன்றங்களில் தமிழுக்கு இடம் கிடைத்தது. உயர்நீதிமன்றத்திலும் உச்ச நீதிமன்றத்திலும் அரசமைப்புச் சட்டத்தின் 348-ஆவது பிரிவின்படி ஆங்கிலம் தொடர்கிறது. சென்னை உயர்நீதிமன்றத்தில் தமிழ் வேண்டும் என்று 2006-இல் சட்டப்பேரவை நிறைவேற்றிய தீர்மானம் இன்னும் கைகூடவில்லை. எனினும், உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளை இந்திய மொழிகளில் பெயர்த்து வெளியிடும் வழக்கம் 2019 முதல் தொடங்கியிருக்கிறது. சித்தாந்த சங்கிரகத்தின் பணி ஒரு வகையில் மீண்டும் தொடங்கியிருப்பதாகக் கொள்ளலாம்.

ஆனால், வேதநாயகம் பிள்ளை வாக்கியத்துக்கு வாக்கியம் பெயர்த்து அடுக்கியவர் அல்லர்; சாரத்தைத் திரட்டித் தந்தவர். அந்த நுட்பத்தை விட்டுவிட்டு மொழியை மட்டும் மாற்றினால், ஆங்கிலத்தில் புரியாதது தமிழிலும் புரியாமல் இருக்கும். முதல் படியாக ஒரு சிறிய ஏற்பாட்டைச் செய்யலாம். ஒவ்வொரு தீர்ப்புடனும், ஒவ்வொரு பத்திரத்துடனும், ஒவ்வொரு கடன் ஒப்பந்தத்துடனும், அரசு அனுப்பும் ஒவ்வோர் ஆணையுடனும் ஒற்றைப் பக்கத் தமிழ்ச் சுருக்கம் இணைக்கப்பட வேண்டும். முடிவு என்ன, அதற்குக் காரணம் என்ன, நான் செய்ய வேண்டியது என்ன, எந்த நாளுக்குள் எங்கே முறையிடலாம் என்ற நான்கு கேள்விகளுக்கு அதில் விடை இருந்தால் போதும். இதற்குப் பெரும் செலவு ஆகாது. எழுதுபவர், தான் எழுதுவது யாருக்காக என்று ஒரு நிமிடம் எண்ணிப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

மாயூரத்து முன்சீப் ஐம்பத்தாறு ஆண்டுத் தீர்ப்புகளைத் தனி ஒருவராகச் சுருக்கித் தமிழில் தந்தார். இத்தனை துறைகளும் கணினிகளும் கொண்ட நம்மால் அந்த ஒரு பக்கத்தை எழுதித் தர முடியாதா?